ஆறாவது பெட்டியும் அரைமணி நேரத் துப்பறிவாளனும்

மச்சான்,

ஆறாவது பெட்டி வந்துவிட்டது. மூடியைத் திறந்ததுமே கூடம் முழுக்க டிகாக்‌ஷன் வாசம். காபியே போடாத என் வீட்டில், ஒரு கொலை வழக்கின் காகிதங்களிலிருந்து கிளம்பி வருகிற வாசம். முதல் பெட்டியைப் பிரித்த அன்று அதிலிருந்த ‘பழங்காலக் கடிதத்தை’ மூக்கருகே கொண்டுபோய் நீ தீர்ப்புச் சொன்னாய்: “இது நூறு வருசத்துக் கடுதாசி இல்ல மச்சான். போன வாரம் டிகாக்‌ஷன்ல முக்கி, மொட்டமாடியில காயப் போட்டது.” அந்த மூக்கு போய் ஐந்து வாரமாகிறது. வாசம் மட்டும் கூரியரில் தவறாமல் வந்து நிற்கிறது.

திங்கட்கிழமையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காவேரிப்பட்டினத்தில் இந்தக் கூடத்துக்குள் நான் நடந்த நடையை நேராக நீட்டிப் போட்டிருந்தால், இந்நேரம் அஞ்செட்டிக் காட்டைத் தாண்டி ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீனும் தின்றுவிட்டுத் திரும்பியிருப்பேன். காரணம் உன் மகள் ரூபா. பெங்களூரிலிருந்து போன் செய்தாள்.

“மாமா, அந்தப் புதிர்ப் பெட்டிக் கம்பெனிலருந்து மெயில் வந்திருக்கு. இன்னும் ஆறு மாசத்துக்குப் புதுப்பிக்கணுமான்னு கேக்குறாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்.”

“ம்.”

“அப்பா ஞாபகமா உங்க பேருக்குப் போட்டுடலாம்னு நெனச்சேன். ஆனா நெஜத்தச் சொல்லுங்க மாமா. குடுக்குற காசுக்கு அது வொர்த்தா? இல்ல, பொண்ணு வாங்கிக் குடுத்தாளேன்னு அப்பா சும்மா நல்லாருக்குன்னு சொல்லிட்டிருந்தாரா?”

வானத்தில் எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால்கூட அரை நொடியில் எண்ணிக்கை சொல்லி, சில்லறையும் சேர்த்துச் சொல்லக்கூடிய உன் நண்பன், அன்று சொன்னது இதுதான்: “யோசிச்சுச் சொல்றேன் பாப்பா.” யோசிப்பதா! நானா! போனை வைத்த பிறகு எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை.

அவள் கேட்டது பெட்டியைப் பற்றி அல்ல என்பது உனக்கும் தெரியும். தான் கொடுத்தது அப்பாவின் கடைசி மாதங்களுக்கு ஏதாவது செய்ததா என்று கேட்கிறாள். அதைச் சொல்ல வேண்டிய ஒரே சாட்சி நான். அந்தச் சாட்சியோ ஒரு நாடறிந்த ஃபிராடு.

இருபத்தாறு வருடம் ஓசூரில் ஒரே தொழிற்சாலையில், வெளியிலிருந்து வந்திறங்கும் உதிரிப் பாகங்களைச் சோதிக்கும் அறையில், எதிரெதிர் மேசையில் உட்கார்ந்தவர்கள் நாம். தேறியதற்குப் பச்சைப் புள்ளி, தேறாததற்குச் சிவப்புச் சீட்டு. நீ சிவப்புச் சீட்டுக் கட்டினால், சரக்கை அனுப்பியவன் பர்கூரில் இருந்தாலும் பாரிஸில் இருந்தாலும் அன்று அவனுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் ஓய்வு பெற்ற மூன்றாம் நாளே வெர்னியரை எடுத்துக்கொண்டு வீட்டுக் கதவுக் கீல்களை அளக்க ஆரம்பித்தாய். நான்காம் நாள் சப்பாத்தியின் விட்டத்தை அளந்து, மூன்றைத் திருப்பி அனுப்பியதாக உன் மனைவி மஞ்சுளா என்னிடம் புகார் சொன்னாள். “அண்ணா, உங்க சிநேகிதர எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க.” அதைக் கேட்டுத்தான் ரூபா அந்தச் சந்தாவைக் கட்டினாள்.

மாதம் ஒரு பெட்டி. மலைமேல் ஒரு பங்களா, அதில் தேயிலைத் தோட்ட முதலாளி ஒருவர் நாற்காலியில் சாய்ந்தபடி செத்துக் கிடக்கிறார். சந்தேகத்துக்கு நான்கு பேர்: இரண்டாவது மனைவி, மேனேஜர், குடும்ப டாக்டர், சமையல்காரன். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு முடிச்சு. ஐந்து முடிச்சுகளை அவிழ்த்தால் ஆறாவதில் கொலைகாரன் அகப்படுவான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் ஓசூருக்கு வந்து பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு முழங்கியது உனக்கு நினைவிருக்கும். “ஏழெட்டுத் தாளு, ஒரு முழம் சணல், துரு மாதிரி பெயின்ட் அடிச்ச சாவி ஒண்ணு! இந்தக் காசக் குடுத்தா நானே அந்த மொதலாளியக் கொன்னு, பொணத்தயும் தூக்கிக்கிட்டு வந்து உன் வாசல்ல எறக்கியிருப்பேனே!” நீ தலையே நிமிரவில்லை. “வேஸ்ட்டுதான் மச்சான். ரா, கூச்சோ” என்றாய். உங்கள் வீட்டுத் தெலுங்கில் எனக்கு விழுந்த சம்மன் அது. உட்கார்ந்தவன் மூன்று வேளை சாப்பாட்டையும் முடித்துக்கொண்டுதான் எழுந்தேன்.

இரண்டாவது பெட்டியில் நாம் நடத்திய சாதனை வேறு எந்த நாட்டுத் துப்பறிவாளராலும் முடியாதது. செத்தவரின் கோட்டிலிருந்து உதிர்ந்தவை என்று ஆறு பித்தளைப் பொத்தான்கள் இருந்தன. நீ வெர்னியரை வைத்தாய். ஐந்து ஒரே அளவு, ஆறாவது அரை மில்லிமீட்டர் பெரிது. மற்ற எவனாக இருந்தாலும், ‘ஆகா, இது வேறொருவன் கோட்டுப் பொத்தான்’ என்று துள்ளியிருப்பான். நாம் இருவரும் ஒரே மூச்சில் சொன்ன வார்த்தை: “ரிஜெக்ட்!”

அதோடு விட்டோமா? சிவப்புச் சீட்டு எழுதிக் கட்டி, அளவு விவரங்களோடு ஒரு கண்டன அறிக்கையும் சேர்த்து, ‘இனி இத்தகைய தவறு நேராமலிருக்கத் தாங்கள் எடுக்கப்போகும் நடவடிக்கை யாது?’ என்று கேட்டு, அந்த வழக்கின் ஒரே சாட்சியத்தைக் கூரியரில் திருப்பி அனுப்பினோம். பத்து நாளில் பொத்தான் பதிலோடு திரும்பி வந்தது. ஐயா, அந்த அளவு வித்தியாசம்தான் துப்பு என்று பணிவாக எழுதியிருந்தார்கள். சிக்கல் ஏற்பட்டால் மூடியின் உட்பக்கத்திலுள்ள எண்ணை எங்கள் இணையப் பக்கத்தில் போட்டு விடையைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் கீழே ஒரு வரி.

நீ தோற்றதை ஒப்புக்கொண்டாயா? “அளவு வேறன்னா டிராயிங்குல போட்டிருக்கணும்ல? நம்ம மேல என்ன தப்பு?” பிறகு அந்தக் கடைசி வரியை விரலால் தட்டி, “விடையப் பாத்துட்டு ஆடுறவன்லாம் ஒரு மனுசனா?” என்றாய். நான் கழுத்து சுளுக்கும் அளவுக்குத் தலையாட்டினேன்.

ஆட்டிய தலையோடு பஸ் ஏறினேன். சூளகிரி வருவதற்குள் மனசு கெட்டுவிட்டது.

பெட்டி வந்ததும் உள்ளும் புறமும் படமெடுத்து எனக்கு அனுப்புவது உன் வழக்கம். சரக்கு சேதமில்லாமல் இறங்கியதற்கு அத்தாட்சி. மூடியின் உட்பக்க எண்ணும் அதில் இருக்கும். மூன்றாவது பெட்டிக்கு அந்த எண்ணை என் போனில் போட்டேன். விடை வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் தெரியாதவனைப் போல வந்து, கண்ணை மூடி, நெற்றியைத் தேய்த்து, நான்கு முறை குறுக்கும் நெடுக்கும் நடந்து, அரை மணி நேரத்தில் முடிச்சை அவிழ்த்து வைத்தேன். நீ வாயைப் பிளந்தாய். “டேய்! உன் மூளைய அறுத்து மியூசியத்துல வெக்கணும்டா!” நான்காவதிலும் ஐந்தாவதிலும் அதே நாடகம், அதே அரை மணி. உங்கள் தெருப் பால்காரர்கூட ‘துப்பறியும் சாரு வந்துட்டாரா’ என்று விசாரிக்கும் நிலைக்குப் புகழ் வளர்ந்தது. நானும் அதைச் சால்வை மாதிரி போர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஐந்தாவதை முடித்த மறுவாரம், செவ்வாய்க்கிழமை காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவன் குழாயடியிலேயே சாய்ந்துவிட்டாய். இதில் மிகைப்படுத்த எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, மச்சான்.

ஆறாவது பெட்டியை ரூபா என் முகவரிக்கு மாற்றிவிட்டிருந்தாள். உள்ளே முதல் தாளிலேயே, முந்தைய ஐந்து பெட்டிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்கவும் என்று எழுதியிருந்தது. வொர்த்தா இல்லையா என்று உண்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், ஒரு பெட்டியையாவது உண்மையாக ஆடிப் பார்க்க வேண்டும் அல்லவா? அதனால் புதன்கிழமை கிருஷ்ணகிரியில் பஸ் மாறி ஓசூருக்குப் போனேன். பாகலூர் சாலையில் இறங்கி உன் வீட்டுப் பக்கம் நடக்கும்போது கால் ஒன்று முன்னே போனது, ஒன்று பின்னே போனது.

மஞ்சுளா ஐந்து பெட்டிகளையும் அலமாரியிலிருந்து இறக்கிக் கொடுத்தாள். சரிபார்க்கலாம் என்று மூன்றாவதைப் பிரித்தேன். ஒரு தாளைத் திருப்பியபோது பின்பக்க மூலையில் பென்சிலில் உன் சின்னக் கையெழுத்து, அருகே ‘வியா’. அடுத்த தாள், அதற்கடுத்தது, சாவியில் கட்டிய அட்டை, எல்லாவற்றிலும் அதேதான். சோதித்து முடித்த ஒவ்வொரு பாகத்திலும் கையெழுத்தும் கிழமையும் போடுகிற உன் வேலைப் பழக்கம். நான்காவது பெட்டியில் ‘வியா’. ஐந்தாவதில் ‘வெள்’. முடிச்சின் விடை, நீயே எழுதியது, வரி பிசகாமல், கடைசித் தாளின் பின்னால்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இதையெல்லாம் பார்க்கவே இல்லை. விடை தெரிந்து வருகிறவன் எதற்குத் தாளைத் திருப்பிப் பார்க்கப் போகிறான்?

“தங்கச்சி, இது என்ன?” என்றேன்.

மஞ்சுளா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. “உங்களுக்குத் தெரியாதாண்ணா? வியாழன், வெள்ளிக்குள்ளயே அவரு முடிச்சிருவாரு. அப்பறம் மறுபடியும் பழையபடிக்கே மடிச்சி, கயிறு கட்டி, ஒண்ணுமே தெரியாதவராட்டம் வெச்சிருவாரு.”

“எதுக்கு?”

“நானும் கேட்டேன். ‘அவன் ஜெயிச்சாத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருப்பான். தோத்தா மூஞ்சத் தூக்கிக்கிட்டு பதினோரு மணி பஸ்ஸுக்கே ஊட்டுக்குப் போயிருவான்’னாரு.”

“நான் விடையப் பாத்துட்டு வந்தது அவனுக்கு…”

“அரை மணி நேரத்துல கண்டுபுடிக்கிற மூளையா அண்ணா உங்களுது?” என்றாள் உன் மனைவி. இருபத்தாறு வருடத்தில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு துல்லியமாக அளவெடுத்ததில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஐந்து பெட்டிகளும் மடியில் இருந்தன. விடை தெரிந்த இரண்டு கிழவர்கள், ஒரு மேசையில் எதிரெதிரே, ஒருவன் தெரியாதவனாகவும் ஒருவன் கண்டுபிடிப்பவனாகவும் நடித்துக்கொண்டு! அதைக் கண்டுபிடிக்க ஒரு பெட்டி வந்திருந்தால் நான் விடைப்பக்கத்தைப் பார்த்திருந்தாலும் தேறியிருக்க மாட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவர் இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.

வியாழன் முழுக்க ஆறாவதோடு மல்லுக்கட்டினேன். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மூடியின் உட்பக்க எண்ணும் கண்ணுக்கெதிரே. பதினேழு முறை போனை எடுத்தேன், பதினேழு முறையும் நெருப்பைத் தொட்டதுபோல் வைத்தேன். ரயில் நேர அட்டவணை ஒன்று, மருந்துச் சீட்டு ஒன்று, கிழிந்த விருந்தினர் பட்டியல் ஒன்று. காலையில் மேனேஜரைத் தூக்கில் போட்டேன். மதியம் மன்னிப்புக் கேட்டு இறக்கிவிட்டேன். நீ இதை எப்படி ஒரே நாளில் முடித்தாய்? எனக்கு மண்டை சூடாகி, அதில் தோசை ஊற்றியிருந்தால் முறுகலாக வந்திருக்கும்.

இன்று வெள்ளி. இதுவரை எழுதி நிறுத்தியபோது ரூபாவின் போன் வந்தது.

“மாமா, என்ன சொல்றீங்க? வொர்த்தா?”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மச்சான். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை உன் மகளிடம் சொன்னேன். நான் விடை பார்த்து வந்ததையும், நீ கையெழுத்துப் போட்டு மறுபடி கட்டி வைத்ததையும்.

“அப்போ… அப்பாவுக்குப் புடிச்சிருந்துதா மாமா?”

“ஒரே பெட்டிய ரெண்டு தடவ பிரிச்சவன் பாப்பா அவன். புடிக்காதவனா மறுபடியும் கயிறு கட்டி வெப்பான்?”

மூக்கை உறிஞ்சினாள். சிரித்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் உன்னைப் போலவே அவளுக்கும் வருகிறது. “அப்போ புதுப்பிச்சிடட்டுமா?”

“வேணாம்.”

“ஏன் மாமா?”

“இந்த ஆறாவதுக்கு நான் விடை பாக்கப் போறதில்ல. என் மூளை போற வேகத்துக்கு இந்த ஒரு பெட்டி ஆயுள் சந்தா. அடுத்தது எதுக்கு?”

அவள் கேட்ட கேள்விக்கு என் தீர்ப்பு இது: அரை மணியில் முடித்த மூன்று பெட்டிகளில் நான் உன் பொழுதையும் உன் பெண் கொடுத்த காசையும் பாழாக்கினேன். முடிக்க முடியாமல் கிடக்கிற இந்த ஒன்று, கொடுத்த ஒவ்வொரு காசுக்கும் பெறும். எதிரே உட்கார ஆள் இருந்திருந்தால் அதற்கு மேலும் பெறும்.

என் அமைதி போய்விட்டது, மச்சான். நீ எனக்கு எழுதி வைத்த சொத்து அதுதான் போலிருக்கிறது. பல் துலக்கும்போதும் அந்த மருந்துச் சீட்டு கண்ணில் நிற்கிறது. நேற்று இட்லிக் கடையில் பக்கத்து மேசைக்காரரிடம் வழக்கை முழுசாகச் சொல்லி, அவர் இரண்டாவது மனைவியைச் சந்தேகப்பட, சண்டையே வந்துவிட்டது. நான் அவளுக்காக வாதாடினேன். சமையல்காரன்மேலும் எனக்கு இனி வழக்கில்லை. டாக்டர்தான். டாக்டராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த ஆளுக்கு ரயில் நேரம் இடிக்கிறது.