ஜப்பான் படக்கதையின் கடைசிப் பக்கம்

என் செல்லச் சண்டைக்காரா, சவரிமுத்து,

நீ போன பிறகு இரண்டு மழைக்காலம் வந்து போய்விட்டது. இத்தனை நாள் எழுதாதவன் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. நம் ஜப்பான் புத்தகத்தைப் பற்றி ஒரு சேதி. நீ இருந்திருந்தால் ஷெட்டிலிருந்து ஓடி வந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாய். மில் மன்றத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் இந்தக் கடிதத்தைப் போடுகிறோம் என்கிறார்கள். உன்னைத் தெரியாத புது ஆட்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதியையும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும், கோபித்துக்கொள்ளாதே.

நூற்பு மெஷின் ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? நாம் இருவரும் மெஷின் பூட்டுகிற பிட்டர்கள், பெட்டி பிரிக்கிற வேலை நம் தலையில் விழுந்தது. உள்ளே உருளைகள் அடிபடாமல் இருக்க வைக்கோலும் பழைய காகிதமும் திணித்திருந்தார்கள். அதற்குள்ளிருந்து நீ அந்தப் புத்தகத்தை உருவி எடுத்தாய். முழுக்கப் படங்கள். எழுத்தெல்லாம் கோழி கிளறிய மாதிரி. ஒரு எழுத்துப் புரியாவிட்டாலும் கதை புரிந்துவிடும் என்று அடித்துச் சொன்னாய். டீ ஆறிப்போகும்வரை இருவரும் அதன் மேல் கவிழ்ந்து கிடந்தோம்.

இன்னும் வராத ஒரு காலத்தின் கதை அது. ஊருக்கு மேலே இரும்பில் ஒரு மூடி. வானமே கிடையாது. சங்கு ஊதினால் எழ வேண்டும், ஊதினால் சாப்பிட வேண்டும். "நம்ம மில்லேதானுங்க மச்சான்" என்று நீ சிரித்த சிரிப்பில் மேஸ்திரி எட்டிப் பார்த்தார். ஜனங்களுக்குப் பெயர் இல்லை, கழுத்துப்பட்டையில் நம்பர்தான். பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து மெஷின்களிடம் வளர்க்கக் கொடுத்துவிடுவார்கள்.

முதல் பக்கத்தில் வெட்டவெளியில் ஒரு வாலிபன், தலை நரைத்த ஒரு கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பாட்டியும் பேரனும் என்று நாமே முடிவு கட்டினோம். பேரன் பாட்டியை விட்டுவிட்டு இரும்பு ஊருக்குள் போகிறான், அங்கேயே மாட்டிக்கொள்கிறான். இடிந்து கிடந்த கோபுரம் நாலு பக்கம் தள்ளி நிமிர்ந்து நின்றது. அறுந்து தொங்கிய பாலம் அடுத்த பக்கத்தில் முழுசாக இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்தது. நீ ஒரே போடாகப் போட்டாய். "எதிர்காலமுங்க மச்சான். மெஷினே எல்லாத்தையும் ஒட்டிப்போடும்." நானும் தலையை ஆட்டினேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு பெரிய இரும்புக் கதவு. கம்பிக்கு உள்ளே ஒரு சின்னப் பையன். வெளியே ஒரு பெண்ணின் இரண்டு கைகள் மட்டும் கம்பிக்குள் நீண்டிருக்கின்றன. மேல்மூலைக் கட்டத்தில் அவள் முகம். அந்த வாலிபனின் பிள்ளையையும் பிடித்துக்கொண்டார்கள், கதை முடிந்தது என்று நினைத்தோம். நீ புத்தகத்தை மூடிவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டாய். சங்கு ஊதக்கூட இல்லை.

நீ மிஷன் அனாதை விடுதியில் வளர்ந்தவன் என்று அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. உன்னை விடுதிக் கேட் அருகே விட்டுவிட்டு உன் அம்மா போனதை, மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்தது போல அன்று சாயங்காலம் சொன்னாய்.

ஆனாலும் அந்தப் புத்தகத்தை உன்னைப் போல ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்தவன் யார்? புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதலில் அதைத்தான் கையில் கொடுப்பாய். "படிக்கத் தெரியாட்டியும் பரவால்லீங்க, கண்ணு இருந்தாப் போதும்" என்பாய். கூடவே ஒரு கட்டளை. "கடைசிப் பக்கத்த மட்டும் பாத்துப்போடாதீங்க." அப்படிச் சொன்னால் எவன் சும்மா இருப்பான்? எல்லாரும் அதைத்தான் முதலில் திறந்தார்கள்.

அதன் பிறகுதான் பங்குச் சாமியார் அந்தச் சேதியைக் கொண்டுவந்தார். உன் அம்மா உயிரோடு இருக்கிறார், பவானியில் ஜமக்காளத் தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைக்கிறார், விடுதியில் வந்து உன்னை விசாரித்தார் என்று. நீ எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டாய். நானாக இழுத்துக்கொண்டு போய் உன்னைப் பவானி பஸ்ஸில் ஏற்றினேன். வெள்ளைச் சட்டை, வழித்து வாரிய தலை. பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி இருக்கிறாய் என்று கேலி செய்தேன். டிரைவர் ஏறி உட்கார்ந்ததும் நீ இறங்கிவிட்டாய்.

"வேண்டாமுங்க மச்சான். கதவச் சாத்துனா சாத்துனதுதான். கடைசிப் பக்கத்த நீங்களும்தான பாத்தீங்க?"

பஸ்ஸைப் போக விட்டேன். பார்த்தவன்தானே நானும்.

பஞ்சுத் தூசி உன் நெஞ்சை அரித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்குத் தவித்தாயே, அப்போதும் புத்தகம் தலையணைக்குக் கீழேதான் இருந்தது. "அந்தப் பையனுக்கு அப்பறம் என்னாச்சுங்க மச்சான்?" என்று கேட்டாய். கதை அத்தோடு முடிந்துவிட்டதே என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அந்த முதுகு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை, சவரி.

இப்போது சேதிக்கு வருகிறேன். போன மாதம் புது மெஷின் பூட்ட ஒரு ஜப்பான்காரர் வந்தார். அவருக்கும் எனக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான் பாலம். சாப்பாட்டு நேரத்தில் பெருமையாக நம் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். மனுஷன் முகம் மலர்ந்துபோய், புத்தகத்தைக் குப்புறத் திருப்பி, பின்னாலிருந்து திறந்தார். "நோ நோ, திஸ் சைடு" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் ஊரில் அந்தப் பக்கத்திலிருந்துதான் படிப்பார்களாம். வலது கோடியில் ஆரம்பித்து இடப்பக்கமாக வருவார்களாம். இரும்புக் கதவின் மேல் விரலை வைத்து "ஸ்டார்ட்" என்றார்.

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் பாட்டுக்குப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். முழுசாக இருந்த பாலம் அறுந்தது. நிமிர்ந்து நின்ற கோபுரம் இடிந்து விழுந்தது. அந்தச் சின்னப் பையன் வளர்ந்து, மூடியை உடைத்துக்கொண்டு, வெட்டவெளிக்கு வந்து அந்தக் கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் கிழவியின் கன்னத்தில் இருந்த மச்சத்தைத் தொட்டுக் காட்டினார். திரும்பிப் போய், கதவுக்கு வெளியே நின்றவளின் கன்னத்தில் அதே மச்சத்தைத் தொட்டார். "சேம். மதர்."

பாட்டி இல்லை, சவரி. தலை நரைக்கும்வரை அங்கேயே காத்துக்கொண்டிருந்த அம்மா.

தட்டில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பஸ்ஸிலிருந்து நீ இறங்கிய அன்று இது தெரிந்திருந்தால்? ஆஸ்பத்திரியில் நீ கேட்டபோதாவது தெரிந்திருந்தால்? பதில் உன் தலையணைக்குக் கீழேயே இருந்ததே! நாம் இரண்டு பேரும் எத்தனை தரம் அதைத் தாண்டிப் போனோம்!

தாங்க முடியாமல் அந்த ஞாயிற்றுக்கிழமையே பவானிக்குப் போனேன். உன் அம்மாவின் கூடுபோன்ற சின்ன வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். சாமியார் ஆள் அனுப்பி உன் சாவைச் சொல்லியிருந்தார். உன் சேக்காளி என்றதும் பாய் விரித்தார். மோர் கொடுத்தார். அப்புறம்தான் உன்னைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"பஞ்சமுங்க கண்ணு. விடுதில உட்டா சோறாச்சும் உங்குவான்னு உட்டேன். வெள்ளாம சீசன்ல கூலிக்கு வாரப்பெல்லாம் அந்தக் கேட்டுக்கு அக்கட்டால நின்னு பாத்துப்போட்டு வந்துருவேனுங்க. வெளையாடீட்டு இருப்பான். கூப்படறதுக்குத் தைரியம் வல்லீங்க."

கேட்டாயா? வந்திருக்கிறார், சவரி. நின்றிருக்கிறார். நீதான் திரும்பிப் பார்க்கவில்லை.

உனக்கு உயிரான புத்தகம் என்று சொல்லி, சரியான பக்கத்திலிருந்து திறந்து அவர் மடியில் வைத்தேன். கதவைப் பார்த்ததும் உள்ளங்கையால் அந்தப் படத்தை மூடிக்கொண்டார். புரட்ட விடவில்லை. "மேலே பாருங்கம்மா, இது ஆரம்பந்தான்" என்று எவ்வளவோ கெஞ்சிய பிறகு கையை எடுத்தார். அதன் பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாலம் அறுந்தபோது "அய்யோ" என்றார். மூடி உடைந்தபோது நூல் சுற்றுகிற விரல் அடுத்த பக்கத்துக்குத் தாவியது. வெட்டவெளியில் மகனும் தாயும் உட்கார்ந்திருந்த அந்தப் பக்கத்தில் கிழவியின் நரைத்த தலையைத் தடவினார்.

"இவ குடுத்து வெச்சவ" என்றார்.

நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

திரும்பி உள்ளே வந்தபோது அவர் கேட்டதுதான் இந்தக் கடிதத்தையே எழுத வைத்தது. "எம்பையன் எப்பிடிங்க பேசுவான்? உங்களாட்டம் மெதுவாப் பேசுவானுங்களா?" நீ பேசினால் மெஷின் சத்தம் தோற்றுப்போகும் என்று சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்னொன்று சொல்லுங்க என்றார். சொன்னேன். கடைசி பஸ் வரைக்கும் சொல்லியும் தீரவில்லை.

புத்தகத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆகையால் மில்லுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஜப்பான் படக்கதை ஒன்று இருக்கிறது. பயங்கரமான காலத்தைக் காட்டுகிறது, முதல் பக்கத்து இரும்புக் கதவைப் பார்த்ததும் மூடிவைத்துவிடாதீர்கள். எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. வேண்டுகிறவர்கள் லீவு நாளில் பவானிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு அம்மா எந்தப் பக்கம் திறப்பது என்று காட்டிக் கொடுப்பார். சவரிமுத்துவோடு வேலை செய்தவர்கள் யாரிடமாவது அவனைப் பற்றி ஒரு சங்கதி கேட்டுக்கொண்டு போங்கள். அதைச் சொன்னால்தான் புத்தகம் கையில் கிடைக்கும்.

நான் இருக்கிற வரைக்கும் ஆள் அனுப்பிக்கொண்டே இருப்பேன், சவரி. அன்றைக்கு பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டாயே, இனி ஒவ்வொருத்தனாகப் போய் உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக உன் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

உன் அம்மாவுக்கு இன்னொரு மகனாகிவிட்ட,
உன் மச்சான்,
கிருஷ்ணசாமி