குடைமிளகாய்ப் பாத்தி

ஜூன் 9
மேல்தெருவுக்குத் தண்ணீர் வந்து ஒரு மாதமாகப் போகிறது. மண்ணுக்குள் புதைந்திருக்கும் பெரிய வால்வு பழுதாம். எங்கே இருக்கிறது என்று யாருக்கும் நினைவில்லை. ஊர்த்தலைவர் வெலிக்கோ, எழுபதுகளில் வரைந்த குழாய்ப் படத்தைக் கொடுத்தார். “சோஃபியா யுனிவர்சிட்டில நிலவியல் படிச்சவதானே நெவேனா, இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடும்மா.” கல்லைப் படித்தவளுக்குக் கணினி என்ன தெரியும்? இலவச வரைபட மென்பொருள் ஒன்றை இறக்கினேன். திறந்ததும் தானே மூடிக்கொள்கிறது.

ஜூன் 11
பழைய பதிப்பைப் போட்டேன் – திறந்தது. மேலே மஞ்சள் பட்டையில் ஏதோ எச்சரிக்கை. மூடிவிட்டேன். குழாய்ப் படத்தை ஏற்றி, இன்றைய ஊர் வரைபடத்தின் மேல் பொருத்தினேன். வால்வு, பக்கத்து வீட்டு ஸ்தோயான்கா அக்காவின் குடைமிளகாய்ப் பாத்திக்கு அடியில்.

தினமும் நானும் அவரும் ஆளுக்கொரு பிடியாகத் தண்ணீர்க் கேனைத் தூக்கி வருகிறோம். அவர் கணவர் படுத்த படுக்கை. “தோண்டிக்கோ,” என்றார் அக்கா. “அந்த மனுஷனை நல்லாக் குளிப்பாட்டணும்.”

ஜூன் 15
தோண்டினார்கள். கல்லும் மண்ணும்தான். பிடுங்கிப் போட்ட மிளகாய்ச் செடிகளை அக்கா பொறுக்கினார். தோண்டும் யந்திரம் இன்னும் ஒரே ஒரு முறைதான் வருமாம்.

ஜூன் 16
கேனை அக்கா தனியாகவே தூக்கிப் போனார்.

ஜூன் 19
ஏன் இது முன்பே தோன்றவில்லை? படத்தில் தேவாலயமும் இருக்கிறது. திரையில் அது வயல் நடுவே நிற்கிறது! எல்லாமே ஒரே பக்கமாக நகர்ந்திருக்கின்றன. மஞ்சள் பட்டையை இன்று வாசித்தேன்: பழைய ஆயத்தொலை முறையை மாற்றும் கோப்பு இல்லாததால், தோராயமாகக் காட்டுகிறதாம். அந்த மாற்றுக் கணக்கு, படம் வரைந்த காலத்தில் ராணுவ ரகசியம். யாரை ஏமாற்ற வைத்த ரகசியமோ, மாட்டியது மிளகாய்ப் பாத்தி.

கோப்பைத் தேடி எடுத்தேன். மென்பொருள் கண்டுகொள்ளவில்லை. தவறான கோப்புறை. மாற்றிப் போட்டதும் தேவாலயம் தேவாலயத்தின் மேலேயே வந்து நின்றது. வால்வு? வெலிக்கோ காருக்காகப் போட்ட சிமென்ட் தளத்துக்கு அடியில்.

ஜூன் 20
“இதையும் உன் டப்பாதான் சொல்லுதா? போன தடவையும் அதுதானே சொல்லிச்சு?” என்றார் வெலிக்கோ. நியாயமான கேள்வி. தேவாலயத்தைக் காட்டினேன். முகம் இளகவில்லை.

வேலிக்கு அப்பாலிருந்து அக்காவின் குரல்: “என் மிளகாயைப் பிடுங்கினப்ப இவ்வளவு கேள்வி கேக்கலையே நீ.”

ஜூன் 24
சிமென்ட்டை உடைத்தார்கள். இரும்பு மூடி. அதற்கடியில் வால்வு.

ஜூலை 6
ஸ்தோயான்கா அக்கா தெருவில் குழாய்த் தண்ணீரில் கம்பளம் அலசுகிறார். சோப்புத் தண்ணீர் என் வாசல் வரை ஓடிவருகிறது. “உன் டப்பாவால என் மிளகாயைத் திரும்ப நட முடியுமா?”

முடியாது என்றேன்.

“அப்போ சும்மா நிக்காதே. பிழியணும், அந்த முனையைப் பிடி.”

பிடித்தேன்.