ஏழாவது பெயர்

கடியப்பட்டணம்
4.2.2010

அன்புள்ள அத்தானுக்கு,

ஆண்டவர் கிருபையில் எல்லோரும் சுகம். நம் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது. ஸ்டுடியோக்காரர் கல்யாண வீடியோ போட்டுத் தந்த பென்டிரைவில் தொற்றி வந்திருக்கிறது. பயப்படாதீர்கள், உடனே நெட் வயரைப் பிடுங்கிவிட்டேன். அதனால்தான் மெயிலுக்குப் பதில் இந்தத் தபால்.

ஆன்டிவைரஸ் ஏழு பெயர்களைக் காட்டியது. அவசரப்பட்டு எதையும் அழிக்கவில்லை. ஏழையும் குவாரன்டைனில் பூட்டி வைத்திருக்கிறேன். எப்படி என் சாமர்த்தியம்? ஆறு, பென்டிரைவில் வந்தவை. ஏழாவது மட்டும் ஏதோ ‘கீலாகர்’ என்கிறது. அது என்ன அத்தான்?

கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கும் அபினாவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் உங்கள் அம்மாவைப் பற்றி நான் அவளுக்கு மெயிலில் புலம்பியதை உங்களிடம் சொல்லிக்கொடுத்தவளோடு எனக்கென்ன பேச்சு?

உங்கள் ஜெமி

மனாமா
14.2.2010

அன்பு ஜெமிக்கு,

கெட்டிக்காரிதான் நீ. ஆறையும் அழித்துவிடு. ஏழாவது வைரஸ் இல்லை. நல்ல புரோகிராமையும் ஆன்டிவைரஸ் சில நேரம் தப்பாகப் பிடிக்கும். அதை வெளியே விட்டுவிடு. யாரிடமும் காட்ட வேண்டாம். அபினாவோடு பேசாமல் இருப்பதே நல்லது.

உன் டெல்வின்

கடியப்பட்டணம்
5.3.2010

அத்தானுக்கு,

தப்பாகவும் பிடிக்கும் என்றீர்களே, அதனால் சரிபார்க்க நினைத்தேன். அந்த ஏழாவது வந்த தேதியைப் பார்த்தேன். நீங்கள் கிறிஸ்துமஸ் லீவில் இங்கே இருந்த நாள் அது. பென்டிரைவ் வந்ததே அதற்கப்புறம்தான்.

மண்டைக்காட்டுக் கொடைத் திருவிழாக் கூட்டத்தில் பஸ்ஸில் நசுங்கி இரணியலுக்கு அபினா வீட்டுக்குப் போனேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. ஏழாவதின் பெயரைச் சொன்னதும், “ஏட்டி, அது தானா வராது. ஆரோ கொண்டு போட்டது. நீ அடிக்கிய எழுத்தெல்லாம் எடுத்து அந்த ஆளுக்கு மெயிலுல அனுப்பும்” என்று சொல்லி, கூடவே வந்தாள். வீட்டில் திறந்து பார்த்தோம். அனுப்பும் முகவரி உங்களுடையது.

அவள் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீங்கள்தான் படித்திருக்கிறீர்கள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

பிறகு நானே அதை நீக்கினேன். மறுபடி ஸ்கேன் ஓடி, ஒன்றுமில்லை என்று வந்ததும் இருவரும் கைதட்டிவிட்டோம். உங்கள் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் நெட் வயரை மாட்டி, மெயில் பாஸ்வேர்டை மாற்றினேன்.

முதல் மெயில் அபினாவுக்கு. உங்களைப் பற்றித்தான் நிறைய எழுதினேன். என்ன எழுதினேன் என்று தெரிய வேண்டுமானால், இந்த முறை என்னிடம்தான் கேட்க வேண்டும்.

ஜெமி