பதினாலு மாத்திரைகள்

ஆண்கள் வார்டு, 9ஆம் கட்டில்
திங்கள்

அன்புள்ள வாயாடிக்கு,

முழங்கை வீக்கம் பாதி வடிந்துவிட்டது. போனும் பாப்பாவும் உன் அக்கா வீட்டில் இருப்பதால், இந்தச் சீட்டைச் சாப்பாட்டு வண்டி தள்ளும் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்குத் துணையாக வந்த உன்னை, "ஏம்மா நொண்டுற?" என்று கேட்டு நர்ஸ் மாடியில் பெண்கள் வார்டுக்கு அனுப்பி மூன்று நாளாகிறது. நீ உட்கார்ந்திருந்த ஸ்டூல் காலி. இங்கே பன்னிரண்டு கட்டில். மற்ற பதினொன்றின் பக்கத்திலும் மனைவியோ அம்மாவோ இருக்கிறார்கள். எனக்குத்தான் ஒரு வாய் தண்ணீர் தர ஆளில்லை. உனக்குச் சலவைக்கூடத்து ஈரத்தில் நின்று வந்த வீக்கம்தானே? சீக்கிரம் இறங்கி வா.

உன்
பட்டறைக்காரன்

பெண்கள் வார்டு, 4ஆம் கட்டில்
செவ்வாய்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கேயும் பன்னிரண்டு கட்டில்தான். துணைக்கு ஆள் இருப்பது இரண்டு பேருக்கு. அவர்களும் மகள்கள்.

டாக்டரம்மா சொல்கிறார், உங்களுக்கும் எனக்கும் ஒரே கிருமி, ஒரே ஊசி. ஆனால் ஆண்கள் தோல் சிவந்த மறுநாளே வந்து நாலு நாளில் கிளம்பிவிடுகிறார்களாம். "எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டால் இங்கே எல்லோரும் "கொஞ்ச நாளா" என்கிறோம். நர்ஸ் மேற்கொண்டு கேட்காமலே பத்து நாள் என்று எழுதிக்கொள்கிறார்.

ஒன்று சொல்ல வேண்டும், திட்டாதீர்கள். போன மாதமே என் காலுக்குப் பதினாலு மாத்திரை கொடுத்தார்கள். நாலு சாப்பிட்டேன். அப்போதுதான் பட்டறையில் மரச்சிலாம்பு குத்தி உங்கள் முழங்கை சிவந்தது. மிச்சம் பத்தையும் உங்களுக்கென்றே வாங்கியதாகப் பொய் சொல்லிக் கொடுத்துவிட்டேன். "தனக்கு மிஞ்சித்தான் தானம், தெரியாதா உனக்கு?" என்று டாக்டரம்மா சத்தம் போட்டார்.

காலுக்குள் சீழ் கோத்துவிட்டது. வியாழன் காலை கீறி எடுக்கிறார்கள். பயமாக இருக்கிறது. கண் விழிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

உங்கள்
வாயாடி

வீடு
புதன்

அன்புள்ள வாயாடிக்கு,

இன்று என்னை அனுப்பிவிட்டார்கள். ஊரெல்லாம் பேசுகிறவள் உன் காலைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லையே! அந்த மாத்திரையில் ஆறுதான் சாப்பிட்டேன். வலி நின்றதும் மிச்சத்தை ஜன்னல் வழியாக வீசிவிட்டேன். உன்னுடையது என்று தெரிந்திருந்தால் வீசியிருப்பேனா?

நாளை வரப் பார்க்கிறேன். கை இன்னும் பாரமாக இருக்கிறது. பெண்கள் வார்டில் போய் உட்காரவும் கூச்சமாக இருக்கிறது. தைரியமாக இரு. என் கட்டம்போட்ட சட்டை எங்கே?

உன்
பட்டறைக்காரன்

பெண்கள் வார்டு
சனி

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

கீறி எடுத்துவிட்டார்கள். வியாழன் கண் விழித்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது. மூன்றாம் கட்டில்காரம்மா தன் ஊசிக் கையோடு எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். வெள்ளியும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்திருக்க வேண்டுமாம். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் நான் கால் நீட்டி உட்கார்ந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நம் வீட்டுக்கு வந்தால், ஒரு டம்ளர் தண்ணீருக்காக இந்தக் காலை நானே இறக்கிவிடுவேன். நீங்கள் கேட்கக்கூட வேண்டாம், அதுதான் என் வியாதி. அதனால் நாளை அக்கா வந்து என்னை அவள் வீட்டுக்குக் கூட்டிப்போகிறாள். ஆறு வாரம் கழித்து என்ன என்று இப்போது யோசிக்கத் தெம்பில்லை.

கோபமில்லை. அலுப்பு, அவ்வளவுதான்.

சட்டை கொடியிலேயே கிடக்கிறது. மறுபடியும் பதினாலு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தடவை பதினாலையும் நானே சாப்பிடுவேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா