மீனுக்காக மிதித்த காடு

இன்று காலை புடவையை உதறினபோது கொசுவ மடிப்பிலிருந்து ஒரு கண்டல் மர விதை விழுந்தது. பச்சையாக, பெரிய மொச்சை அளவு. நேற்று உப்பங்கழியோரம் போனபோது ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கையில் எடுத்ததும் சேற்று வாடை அடித்தது, உடனே உன் சிரிப்புச் சத்தம். அடிப் பாவி, போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகியும் என்னைக் கடையில் உட்கார விடமாட்டேன் என்கிறாய்.

மளிகைக் கடைக்காரர் பெண்டாட்டியாகத் தூத்துக்குடியிலிருந்து எண்ணூருக்கு நான் வந்தபோது கண்டல் காடு பாதிதான் மிச்சம். யுத்த காலத்து விறகுத் தட்டுப்பாட்டில் ஊரே சேர்ந்து வெட்டியிருந்தது. அந்த வேர்களுக்கு நடுவே கையால் துழாவி இறால் பிடிப்பது உன் பிழைப்பு. மரம் போனால் இறாலும் போய்விடும் என்று நீ சண்டை போடாத நாளில்லை. கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் கெடு வைத்தார்கள். "தைக்குள்ள புதுசா மொளைக்க வெச்சுக் காட்டு. இல்லாங்காட்டி மீதியையும் வெட்டிட்டு படகு வுட எடம் பண்ணிடுவோம்."

நீ நேரே என் கடைக்கு வந்தாய். "இன்னாம்மே தூத்துக்குடி, மூட்டை மேல குந்திகினு கீறே? வா, வெதை பொறுக்கணும்."

நானும் எழுந்து வந்துவிட்டேன். உன் குரலுக்கு எழுந்திருக்காதவர் யார்?

புரட்டாசியில் விதை உதிர்ந்தது. கூடை கூடையாகப் பொறுக்கி வெற்றுச் சேற்றில் தூவினோம். தண்ணீர் ஏறினால் மிதந்து போய்விடுமே என்று ஊர் ஆண்கள் பழைய வலைகளை மேலே விரித்து முளையடித்தார்கள். வலை பிடித்த கை சும்மா இருக்குமா? ஓரங்களைத் தூக்கி, மீனுக்குக் கட்டுகிற மாதிரியே கட்டிவைத்தார்கள். மறுநாள் தண்ணீர் வற்றினபோது வலை கொள்ளாமல் மடவை மீன் துள்ளிக்கொண்டிருந்தது!

அவ்வளவுதான், விதை யாருக்கு ஞாபகம்? ஊரே சேற்றில் இறங்கி ஓடியது. நானும் இரண்டு மடவையை மடியில் கட்டிக்கொண்டேன். நீ மட்டும் கரையில் நின்று தலையில் அடித்துக்கொண்டாய். "அடப்பாவிங்களா, கஸ்மாலங்களா! வெதைய மிதிச்சு நாசம் பண்ட்டீங்களே! என் பொழப்பே பூட்ச்சே!" மீனோடு வலையையும் உருவிக்கொண்டு போனார்கள். நான் கொண்டுவந்த குழம்பை நீ தொடவில்லை. நானே சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் நாம் இருவரும் போய்ப் பார்த்தோம். மிதிபடாத விதையெல்லாம் தண்ணீரோடு போய்விட்டிருந்தது. மிதிபட்டதோ ஒவ்வொரு காலடித் தடத்திலும் பச்சைப் பசேலென்று நின்றது. யார் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்றுகூடச் சொல்லிவிடலாம். வழுக்கி வழுக்கிப் போன என் தடத்தைக் காட்டி நீ சிரித்தாய் பார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. "மிதிச்சிதான் மொளைக்க வெச்சிகீறோம்மே!"

தையில் பெரியவர்கள் வந்து பார்த்துவிட்டு, மீதியை வெட்டும் பேச்சை விட்டுவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்கள். ஐயோ, அந்தச் சந்தோஷம்!

மீன்பிடிக்கும் இடத்துக்கு வீட்டுக்கு வீடு முறை வைக்கிற 'பாடு' உங்கள் வழக்கம். அதையே காட்டுக்கும் வைத்தாய். சித்திரையில் ஆடு விரட்ட ஒரு வீடு, மழைக்காலத்தில் கன்றுகளில் சிக்கிய குப்பையை எடுக்க ஒரு வீடு, தையில் நாரை இறங்கும்போது கவண் வீசுகிறவர்களை அதட்ட நான். கடலில் கால் வைக்காதவளுக்குப் பாடா என்று முனகினார்கள். "அவ மடவை தின்னாளா இல்லியா?" என்று ஒரே போடாகப் போட்டாய். புரட்டாசி வந்தால் விதையைத் தூவி ஊரே மிதிக்கும். "மீனு கீதுன்னு நெனைச்சிகினு ஓடுங்க!" என்று அதே கரையில் நின்று விரட்டுவாய்.

நேற்று உன் வீட்டு முறை. உன் மருமகள் பிள்ளை பெற்றிருக்கிறாள், பெண் குழந்தை, தொண்டை உன்னுடையதேதான். அதனால் உனக்குப் பதிலாக நான் போனேன். இன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. அந்தக் காட்டில் எங்கள் எல்லார் காலடித் தடத்திலும் மரம் நிற்கிறது. கத்திக்கொண்டே கரையில் நின்ற உனக்குத்தான் ஒன்றுமில்லை.

சாயங்காலம் கடையை அவரிடம் விட்டுவிட்டுப் போனேன். கரையில் நீ எப்போதும் நின்று விரட்டின இடத்துக்கு நேர் கீழே, தண்ணீர் தொடுகிற ஓரத்தில் அந்த விதையைப் போட்டேன். நன்றாக மிதித்தேனடி. மீன் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டுதான்.