முதல் பக்கம்

செவ்வாய்க்கிழமை

மதியம் புள்ளியியல் வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் ரேவதி பின்னாலேயே ஓடி வந்தாள். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வரும் இரண்டாம் ஆண்டுப் பெண். கையில் போன், முகத்தில் அப்படியொரு கோபம்.

"மேடம், இந்த அநியாயத்த பாருங்க. உங்க புக்க எவனோ சுட்டு நெட்ல ஃப்ரீயா போட்டுக்கீறான். வரிக்கு வரி அப்டியே கீது. மூணாவது பாடத்துல ஒரு விடை பிரின்டிங் மிஸ்டேக்னு சொன்னீங்கல்ல, அதக்கூட வுடாம காப்பி அடிச்சிக்கீறான்!"

போனைப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. எல்லோரும் படிக்கட்டும் என்று வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் இணையத்தில் கொடுத்த புத்தகம் அது. யார் வேண்டுமானாலும் எடுத்து அச்சிடலாம், என் பெயரை மட்டும் போட்டுவிடுங்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார். போன வருடம் பதவி உயர்வுக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது. அந்த முதல் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். கணக்குகளைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

"கம்ப்ளெயின்ட் குடுக்கலாமா மேடம்? நானே எழுதறேன்."

சொல்லியிருக்கலாம். வராந்தாவில் வேறு யாரும் இல்லை.

"விடும்மா. பசங்க ஃப்ரீயா படிச்சிட்டுப் போகட்டும்" என்றேன்.

அவள் கோபமெல்லாம் போய்விட்டது. "உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு மேடம்."

நான் தேங்க்ஸ் வேறு சொல்லித் தொலைத்தேன்.