குவெரியில் விழாத பதினான்கு பேர்

மார்ச் 10, திங்கள்

திருச்சுழியிலிருந்து பாளையம்பட்டி வரை நின்றுகொண்டே வந்தேன். ஆபீஸில் கரண்ட் இல்லை. ராஜகுரு அண்ணன் யுபிஎஸ்ஸைத் தட்டிக்கொண்டிருந்தார், தட்டினால் வந்துவிடும் என்பது போல. இந்த ஆபீஸில் நாங்கள் மொத்தமே இரண்டு பேர். அவர் முதலாளி, மீதி எல்லாம் நான்.

மில்லின் டைம் ஆபீஸிலிருந்து பாண்டீஸ்வரன் சார் போன். பஸ் லிஸ்ட் எடுக்க நான்கு நிமிடம் ஆகிறதாம். "பட்டனை அமுக்கிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டேதாம்மா இருக்கு" என்றார். மறுநாள் காலை ஷிப்டுக்கு எந்த ஊரில் எந்தெந்தப் பெண்களை ஏற்ற வேண்டும் என்ற லிஸ்ட் அது. தினமும் மதியம் மூன்று மணிக்கு எடுத்து டிரைவர் கையில் கொடுப்பார்கள்.

அதை எடுக்கும் புரோகிராம் அண்ணன் பத்து வருடத்துக்கு முன் ஜாவா மொழியில் எழுதியது. தொள்ளாயிரம் தொழிலாளர்களையும் டேட்டாபேஸிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து, ஜாவாவில் ஒவ்வொருவராக நிறுத்தி, நீ இரவு ஷிப்டா, இல்லையென்றால் ஏறு என்று கேட்கிறது. ஒவ்வொருவருக்கும் ஊர்ப் பெயரைத் தேடி டேட்டாபேஸுக்கு இன்னொரு நடை. நான்கு நிமிடத்தில் முடிவதே பெரிது.

"நீயே மாத்திருத்தா, உனக்குத்தான் அதெல்லாம் புதுசா தெரியும்" என்றார் அண்ணன். மாற்றுகிறேன்.

மார்ச் 14, வெள்ளி

முடிந்தது. ஆள் ஆளாகக் கேட்கும் அந்த லூப்பையே எடுத்துவிட்டேன். ஜாவாவில் தொழிலாளி என்பது ஒரு கிளாஸ், ஒரு அச்சு மாதிரி, ஷிப்ட் அதன் ஒரு பண்பு. அந்தப் பெயர்களை வைத்தே ஜாவாவுக்கு நடுவிலேயே டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை, குவெரியை, எழுதிவிடலாம்: ஷிப்ட் 'இரவு' அல்லாத தொழிலாளர்கள். ஒரே வரி. கேள்வி இங்கே, தேடும் வேலை டேட்டாபேஸுக்கு.

இரண்டு செகண்ட்! பாண்டீஸ்வரன் சாருக்கு இனி டீ கிடையாது.

மார்ச் 21, வெள்ளி

ஒரு வாரம் பழைய லிஸ்ட்டையும் புதிய லிஸ்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு பெயர்கூட மாறவில்லை. இன்று பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாயிற்று. மில் இரண்டாவது யூனிட்டின் வேலையையும் நமக்கே தரும்போலிருக்கிறது, முப்பத்தொன்றாம் தேதி திங்கட்கிழமை முடிவு சொல்கிறார்களாம். அண்ணன் சந்தோஷத்தில் பப்ஸ் வாங்கித் தந்தார். எனக்கு ஏனோ பயம், லிஸ்ட்டை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன். எனக்கு எதிலும் அப்படித்தான். நல்லது நடந்தால் இன்னும் அதிகம்.

மார்ச் 26, புதன்

தங்கமாரி போன் செய்தாள். என்னோடு பன்னிரண்டாவது வரை ஒரே பெஞ்சு. செங்குளத்துப்பட்டிக்கு வாக்கப்பட்டு, மில்லில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள்.

"ஏண்டி, இன்னைக்கு பஸ்ஸு எங்க ஊருக்குள்ளயே வரலடி. பதினாலு பேரு கோழி கூப்பிட நின்னோம். மெயின் ரோட்டுலயே நேராப் போயிட்டாக."

டிரைவர் ராஜபாண்டி அண்ணன் மறந்திருப்பார் என்றேன். லிஸ்ட்டில் ஆள் இல்லாத ஊருக்கு பஸ் உள்ளே திரும்பாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அப்படிச் சொன்னேன்.

மார்ச் 27, வியாழன்

இன்றும் பஸ் வரவில்லையாம். தங்கமாரி டைம் ஆபீஸுக்குப் போன் போட்டால், ஊரில் கோயில் பொங்கல் சாட்டியிருக்கிறது, வேலைக்கு வர மனசில்லை, பஸ்ஸைச் சாக்குச் சொல்கிறீர்களா என்கிறார்களாம்.

பொங்கல். செவ்வாய்க்கிழமை செங்குளத்துப்பட்டியில் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறார்கள்.

மாலை எல்லோரும்... எல்லோரும் என்ன, அண்ணன் ஒருவர்தான், அவர் கிளம்பியபிறகு டேட்டாவைத் திறந்து பார்த்தேன். அந்தப் பதினான்கு பேருக்கும் ஷிப்ட் கட்டம் காலி.

மார்ச் 28, வெள்ளி

பாண்டீஸ்வரன் சாரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன், ஷிப்ட் கட்டத்தை எப்போதாவது காலியாக விடுவீர்களா என்று.

"காப்புக் கட்டுன ஊருக்காரங்களுக்கு விடுவம்மா. அவுக ராத்திரி ஊரு எல்லைக்கு வெளிய தங்கக் கூடாதுல்ல? நைட்டு போட முடியாது. யாரும் தெரியாம நைட்டுல போட்டுறக் கூடாதுன்னு அதை அழிச்சு வச்சிருவேன். பொங்கல் முடியவும் திரும்பப் போட்டுருவேன். பத்து வருசமா அப்படித்தான, உங்க அண்ணனுக்குத் தெரியுமே."

ஜாவாவில் காலியும் 'இரவு'ம் ஒன்றா என்று கேட்டால், இல்லை, வேறு என்று பட்டென்று பதில் வரும். அதனால் அண்ணனின் லூப் அவர்களை ஏற்றிக்கொண்டது. டேட்டாபேஸிடம் அதே கேள்வியைக் கேட்டால் அது ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. தெரியாது என்னும். தெரியாதவர்களை லிஸ்ட்டில் சேர்க்காது. ஜாவாவுக்கு நடுவில் எழுதியதால் அதுவும் ஜாவாபோலவே யோசிக்கும் என்று நம்பிவிட்டேன். பாடத்தில் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன்! பக்கத்தில் வைத்துப் பார்த்த அந்த ஒரு வாரத்தில் எந்த ஊரிலும் காப்பு இல்லை.

நானும் காப்புக் கட்டி வளர்ந்தவள்தானே. எட்டு நாளும் அத்தை வீட்டுக்குக்கூடப் போகவிடாமல் அப்பா மறித்தது மறந்துவிட்டதா எனக்கு?

சாயங்காலம் குவெரியில் இரண்டு சொல் சேர்த்தேன்: அல்லது காலி. யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்கான லிஸ்ட்டையும் பாண்டீஸ்வரன் சாரிடம் சொல்லித் திரும்ப எடுக்க வைத்தேன். "ஏம்மா?" என்றார். சர்வர் கொஞ்சம் மெதுவாக இருந்தது என்றேன். வாய் கூசாமல் வந்தது.

நாளை பஸ் ஊருக்குள் போகும். அவ்வளவுதான். முடிந்தது.

மார்ச் 29, சனி

முடியவில்லை.

பஸ் போனது. பதினான்கு பேரும் ஏறினார்கள். மில் கேட்டிலேயே மறித்துவிட்டார்கள். மூன்று நாள் சொல்லாமல் லீவு, பேரை அடித்தாயிற்று, திரும்பிப் போங்கள் என்று. பஸ் வரவில்லை, லிஸ்ட்டில் எங்கள் பேர் இல்லை என்று டிரைவரே சொன்னார் என்று இவர்கள் சொல்ல, மேனேஜர் கம்ப்யூட்டரில் புதன்கிழமைத் தேதியைப் போட்டு லிஸ்ட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறார்.

பதினான்கு பேரும் அதில் இருந்தார்கள்.

நேற்று நான் திருத்தியதால் இருந்தார்கள். லிஸ்ட்டை நாங்கள் எங்கும் சேர்த்து வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் குவெரி புதிதாகப் போய்க் கேட்டு வருகிறது. புதன்கிழமை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்பதற்கு இன்று உலகத்தில் சாட்சி இல்லை. டிரைவர் காகிதத்தை அன்றன்றைக்குக் கிழித்துப் போட்டுவிடுவார். இப்போது பெண்கள் பொய் சொன்னதாகவும், டிரைவர் ஊருக்குள் போகச் சோம்பல்பட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டதாகவும் ஆகிவிட்டது. ராஜபாண்டி அண்ணனையும் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

தங்கமாரி போனில் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. "கம்ப்யூட்டரு பொய் சொல்லுமாங்குறாக, அருஞ்சுனை. நீ அதைத்தான படிச்ச, சொல்லுமாடி?"

தெரியவில்லை என்றேன்.

தெரியவில்லையாம்! டேட்டாபேஸ் பரவாயில்லை, அதற்கு நிஜமாகவே தெரியாது.

மார்ச் 30, ஞாயிறு

சோறு இறங்கவில்லை. அம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நாளைக்கு மில்காரர்கள் முடிவு சொல்லட்டும், அப்புறம் சொல்லிவிடலாம். ஒரே ஒரு நாள்தானே.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான். வீரசோழன் ஊருக்குப் போகும் பஸ்ஸில் புதுச் சட்டை போட்ட பிள்ளைகளாக நின்றன. மில்லில் முடிவு சொல்லவில்லை, புதன்கிழமை என்கிறார்கள்.

புதன்கிழமை சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

செங்குளத்துப்பட்டியில் இன்று பொங்கல். தங்கமாரி மூன்று முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. எடுத்தால் என்ன பேசுவேன்?

ஏப்ரல் 2, புதன்

காலை பதினொரு மணிக்கு அண்ணன் மில்லிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். இரண்டாவது யூனிட் நமக்குத்தான். "உன் ரெண்டு செகண்டு லிஸ்ட்டப் பத்தித்தான் பேச்சு பூராவும்."

அங்கேயே உடைந்துவிட்டேன். எல்லாம் சொன்னேன். குவெரி, காலிக் கட்டம், காப்பு, வெள்ளிக்கிழமை ஓசைப்படாமல் திருத்தியது, சர்வர் மெதுவாக இருந்தது என்ற பொய், எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலியா இருந்தா காப்புன்னு அந்த வரிக்கு மேல நான் ஒரு வார்த்தை எழுதி வச்சிருக்கணும்" என்றார். பிறகு, "தப்பு வாரது சகஜந்தாம்மா. அஞ்சு நாளா எப்படி உனக்கு வாய் வரல?"

பயம் என்பதெல்லாம் ஒரு பதிலா?

"சட்டை மாத்திட்டு வாரேன், நீ அந்தப் பழசையும் புதுசையும் பிரிண்ட் எடு. போவோம்."

அந்தப் பதினான்கு கட்டங்களும் இன்னும் காலியாகத்தான் இருந்தன. நான் திருத்துவதற்கு முன்னிருந்த குவெரியைத் திரும்பப் போட்டு, மேனேஜர் கண்ணெதிரிலேயே போன புதன்கிழமை லிஸ்ட்டை ஓட்டிக் காட்டினேன். செங்குளத்துப்பட்டி, ஆள் இல்லை. அந்த இரண்டு சொல்லையும் சேர்த்து மறுபடி ஓட்டினேன். பதினான்கு. மேனேஜர் மூன்று முறை ஓட்டச் சொன்னார். பாண்டீஸ்வரன் சார் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எல்லோரையும் நாளையிலிருந்து வரச் சொல்லி அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள். டிரைவரையும். இரண்டாவது யூனிட்டைப் பற்றி அவர்களும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் தங்கமாரிக்குப் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

ஏப்ரல் 3, வியாழன்

காலை ஐந்தரைக்கு, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்பும் செங்குளத்துப்பட்டி விலக்கில் போய் நின்றேன். அப்பாதான் பைக்கில் கொண்டுவந்து விட்டார். பஸ் ஊருக்குள் போய்த் திரும்பி வந்தது. ராஜபாண்டி அண்ணன் வண்டியை நிறுத்தி, "ஏறும்மா" என்றார். ஏறி நடுவில் நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னேன். பஸ் சத்தத்தில் பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை, இன்னொரு முறை சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

அவர்களில் ஜக்கம்மாள் அக்கா மட்டும் பேசினார். "சரி விடு, வந்து சொன்னியே. தங்கமாரிதான் போயிட்டா. பொங்கலுக்கு வந்தவுக திருப்பூருல வேல இருக்குன்னாக. மறுநாளு காப்ப அவுக்கவும் புள்ளையத் தூக்கிக்கிட்டு அவுக கூடவே கிளம்பிட்டா. போறதுக்கு முன்னாடி உன்கிட்டதான் ஒரு வார்த்த கேக்கணும்னு போன் போட்டுக்கிட்டே இருந்தா."

ஏப்ரல் 5, சனி

இரண்டாவது யூனிட் மதுரைக் கம்பெனிக்காம். அண்ணன் நல்லபடியாகத்தான் சொன்னார்.

ஏப்ரல் 9, புதன்

தங்கமாரி போனை எடுத்தாள். பின்னால் தையல் மிஷின் சத்தம். எல்லாம் சொன்னேன். அட்வான்ஸ் கொடுத்து வீடு பார்த்துவிட்டார்களாம், பிள்ளையை அங்கே பால்வாடியில் சேர்த்தாயிற்றாம்.

"நீ செவ்வாக்கிழம போன எடுத்திருந்தா நான் இருந்திருப்பேன்டி" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 21, திங்கள்

லிஸ்ட்டை இப்போது தினமும் தேதி போட்டுச் சேர்த்து வைக்கிறோம். குவெரிக்கு மேல் நான்கு வரி எழுதியிருக்கிறேன், காலி என்றால் காப்பு, காப்பு என்றால் என்ன, எல்லாம். மூன்று மணிக்கு நானே ஓட்டிப் பார்த்தேன். செங்குளத்துப்பட்டி, பதிமூன்று பேர். ஒவ்வொரு பெயராக விரல் வைத்து எண்ணினேன். பதிமூன்றுதான். சரியான விடை.